பழைய கார்புரேட்டர் டிரக்கில் பேக்ஃபயர்: வெடிச்சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய டிரக் ‘டப்’ என்று வெடித்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கடைசியில் கழற்றிக் கழுவி, புதுக் கிட் போட்டு மாட்டியும் வெடி நிற்பதில்லை. ஏனென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருக்கலாம், பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸ் கிழிந்திருக்கலாம், இரண்டு பிளக் ஒயர் இடம் மாறியிருக்கலாம்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எதையும் திருப்புவதற்கு முன் சத்தம் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு இக்னிஷன், அடுத்து ஏர் லீக் (நுழையக் கூடாத இடத்தில் காற்று நுழைவது), அதற்கும் பிறகு கார்புரேட்டர், கடைசியில் எஞ்சினின் உள்பாகம் என்ற வரிசையில் போங்கள். இக்னிஷன் சரியில்லாத எஞ்சினில் கார்புரேட்டரை டியூன் செய்யவே முடியாது. பிளக்கில் கரண்ட் விட்டு விட்டு வந்தால், பெட்ரோல் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் எஞ்சின் மிஸ் ஆகத்தான் செய்யும்.

வேலையில் இறங்கும் முன்

கார்புரேட்டர் வழியாக எஞ்சின் வெடித்தால் சத்தத்தோடு தீயும் மேலே வரும். ஏர் ஃபில்டர் டப்பா தூசியைத் தடுப்பதோடு அந்தத் தீயையும் அடக்குகிறது. அதனால் வெடிக்கிற எஞ்சினை ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவே கூடாது. ஸ்டார்ட் ஆகவில்லையே என்று ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மேலேயிருந்து பெட்ரோல் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பேக்ஃபயர் ஆகிற எஞ்சினில் இதைச் செய்தால் கையிலிருக்கும் பாட்டிலே பற்றிக்கொள்ளும். தயவுசெய்து வேண்டாம்.

பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கில். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

டைமிங் லைட், வேக்குவம் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர் இருந்தால் போதும். இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் டைமிங் லைட்டை வாங்குங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலும் வேண்டும். நான் இங்கே தரும் அளவுகள் பொதுவானவை. மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது?

பேக்ஃபயர் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது. ஒன்று முன்பக்கம், அதாவது கார்புரேட்டர் வழியாக வெடிப்பது. இன்னொன்று பின்பக்கம், சைலன்சரில் வெடிப்பது.

கார்புரேட்டர் வெடி பானட்டுக்கு அடியிலிருந்து அடக்கிய தும்மலாகக் கேட்கும். அதே நொடியில் வண்டியின் இழுவையும் தடுமாறும். பெரும்பாலும் பெட்ரோல் குறைந்த கலவைதான் காரணம். காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் வால்வு திறக்கிற நேரத்திலும் சிலிண்டருக்குள் நெருப்பு மிச்சமிருக்கும். அந்த நெருப்பு மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) காத்திருக்கும் புதுக் கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. இன்டேக் வால்வு சரியாக மூடாவிட்டாலும், தவறான நேரத்தில் கரண்ட் வந்தாலும் இதே விளைவுதான்.

சைலன்சர் வெடி நேர்மாறானது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சூடான பைப்புக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே காற்றும் கிடைத்தால் மொத்தமாக வெடிக்கிறது. சத்தம் கூர்மையாக இருக்கும். பலமாக வெடித்தால் சைலன்சரே பிளந்துவிடும். எஞ்சின் மிஸ் ஆவது, பெட்ரோல் மிகுந்த கலவை, டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) தாமதமாக இருப்பது, எக்ஸாஸ்ட் பைப்பில் லீக் ஆகியவற்றைத்தான் இங்கே தேட வேண்டும்.

எங்கே என்று தெரிந்ததும் எப்போது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா? ஆக்சிலேட்டரை மிதித்த உடனேவா, காலை எடுக்கும்போதா? மேட்டில் பாரத்தோடு ஏறும்போதா? இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள்: வெடி ஒரே தாளத்தில் வருகிறதா, நினைத்தபோது வருகிறதா? ஐடிலிங்கில் சீரான இடைவெளியில் ‘பொப்... பொப்...’ என்று கேட்டால் ஏதோ ஒரு சிலிண்டரில்தான் கோளாறு. அது பிளக், ஒயர், வால்வு, வால்வைத் திறக்கும் கேம் இவற்றில் ஒன்றாக இருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் லூஸ் கனெக்‌ஷனையோ பெட்ரோல் வரத்தையோ சந்தேகப்படுங்கள்.

மிதித்த உடனே கார்புரேட்டரில் ஒரு தடவை வெடித்துவிட்டு அப்புறம் சரியாக ஓடினால், ஆக்சிலேட்டர் பம்ப் மேல் சந்தேகம் போக வேண்டும். குளிரில் மட்டும் வெடித்துச் சூடானதும் நின்றுவிட்டால் சோக். மேட்டில் சிறிது நேரம் இழுத்தபிறகு வெடித்தால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை. காலை எடுத்ததும் சைலன்சரில் படபடவென்று வந்தால் எக்ஸாஸ்ட் லீக் அல்லது ஐடில் கலவை. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடுவது மட்டும் பேக்ஃபயர் அல்ல. ஐடில் வேகம் கூடுதலாக இருந்தாலோ, சிலிண்டருக்குள் கரி படிந்து கனன்றாலோ அப்படி ஓடும்.

இக்னிஷன்

எஞ்சின் ஆறியதும் பிளக் அனைத்தையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது எது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய டேப்பை ஒட்டிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். வெளிர் பழுப்பு நல்ல நிறம். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு; எல்லாவற்றிலும் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் மகிழ்ச்சி அடையலாம், தேட வேண்டிய சிலிண்டர் கிடைத்துவிட்டது. பாயின்ட் இக்னிஷன் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகளால் பொறி உண்டாக்கும் முறை) உள்ள பழைய எஞ்சின்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.9 மி.மீ. சுற்றி இருக்கும்.

அடுத்தது ஒயர்களின் வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஃபயர் ஆகும் வரிசை. சமீபத்தில் பிளக்கோ ஒயரோ மாற்றிய பிறகு வெடி ஆரம்பித்திருந்தால் வேறெதையும் பார்க்காமல் நேரே இங்கே வாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1-3-4-2. வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ளவற்றில் 1-5-3-6-2-4. வி-8 என்றால் கம்பெனியைப் பொறுத்தது. செவர்லே ஸ்மால் பிளாக்கில் 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஃபோர்டின் பழைய 302 வி-8 எஞ்சினில் 1-5-4-2-6-3-7-8, ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். சிலிண்டருக்கு எண் கொடுக்கும் முறையும் வேறு. டிரைவர் சீட்டிலிருந்து பார்க்க, செவர்லேயில் இடப்பக்கம் 1, 3, 5, 7. ஃபோர்டில் வலப்பக்கம் 1, 2, 3, 4. ஒன்றைப் பழகியவர் மற்றதில் கை வைக்கும்போது தடுமாறுவது இங்கேதான்.

பழைய டிரக் பல கை மாறி வந்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஃபோர்டின் 351 விண்ட்சர் எஞ்சினுக்கு வரிசை 1-3-7-2-6-5-4-8. அந்த வரிசைக்கான கேம் ஷாஃப்ட்டை யாராவது 302-இல் போட்டிருந்தால், மேனிஃபோல்டில் வார்த்திருக்கும் எண்களை நம்பி ஒயர் மாட்டினால் தவறாகிவிடும். முன்பு வைத்திருந்தவர் எஞ்சினைப் பிரித்தாரா என்று கேட்க முடிந்தால் கேளுங்கள்.

வரிசை சரியாக இருந்தும் வெடிக்கலாம். அருகருகே இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து ஃபயர் ஆகும் எஞ்சின்களில், அவற்றின் ஒயர்களை ஒட்டி இணையாக ஓட விட்டால் ஒன்றின் கரண்ட் மற்றதைத் தூண்டிவிடும். செவர்லேயில் 5, 7 அப்படிப்பட்ட ஜோடி. பழைய 302-இல் 7, 8. இந்த இரண்டு ஒயர்களையும் தள்ளித் தள்ளி, அல்லது ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி கொண்டுபோங்கள்.

ஒயரின் உடம்பைச் சோதிக்க இருட்டு போதும். ராத்திரியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓட விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் கசிந்தால் ஒயரிலிருந்து எஞ்சினுக்கு நீலப் பொறி தாவுவது தெரியும். ஈரத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். மழை நாளில் மட்டும் வெடிக்கிற வண்டிக்கு இதுதான் முதல் சோதனை. மல்டிமீட்டரில் கார்பன் ஒயருக்கு ஓர் அடிக்குச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்று மட்டும் பல மடங்கு கூடுதலாகக் காட்டினால் அதை மாற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவில் பென்சிலால் இழுத்தது போன்ற மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் மூடி போயிற்று. அந்தக் கோடு வழியாகத்தான் கரண்ட் பக்கத்துச் சிலிண்டருக்குப் போகிறது. தேய்த்து அழிக்கப் பார்க்காதீர்கள், திரும்ப வரும். மூடியோடு ரோட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பாயின்ட் உள்ள வண்டியில் அதன் முகங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக அரித்திருந்தால் கன்டென்சரும் சந்தேகத்துக்குரியது. இடைவெளி பெரும்பாலும் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை. பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டர் இருந்தால் அதையே நம்புங்கள், வி-8-க்கு 30 டிகிரி சுற்றி வரும். பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் பாயின்ட், பிறகு டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பலர் கோட்டைவிடும் ஓர் இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டிலிருந்து வெளியே வரும் குட்டி ஒயர் ஒன்று உண்டு. எலக்ட்ரானிக் இக்னிஷனில் பாயின்ட்டுக்குப் பதிலாக இருக்கும் பிக்கப் காயிலின் இரண்டு ஒயர்கள். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை முன்னே தள்ளும் பாகம்) வேலை செய்யும்போதெல்லாம் அடித்தட்டு சிறிது திரும்பும், அதோடு இந்த ஒயரும் மடங்கி நிமிரும். பல வருஷம் இப்படி மடங்கியதில் மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செப்பு இழைகள் அறுந்துவிடும். ஐடிலிங்கில் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், எஞ்சின் சீராக ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேக்குவம் மாறி, தட்டு திரும்பி, முனைகள் விலகி, கரண்ட் நின்று நின்று வரும். உடனே சைலன்சரிலோ கார்புரேட்டரிலோ வெடிக்கும். அறிகுறி அப்படியே ஆக்சிலேட்டர் பம்ப் கோளாறு மாதிரி இருப்பதால் கார்புரேட்டரைக் கழற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி, பிக்கப் காயில் ஒயர்களைப் பிரித்து மல்டிமீட்டரை மாட்டுங்கள். 1970களின் நடுவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஹெச்.இ.ஐ. என்ற எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் 500 முதல் 1,500 ஓம் வரை காட்ட வேண்டும். இப்போது வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கைப்பம்பால் இழுங்கள், பம்ப் இல்லையென்றால் ஒரு சுத்தமான ஹோஸை மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகரும்போது எண் துள்ளினால் ஒயர் அறுந்திருக்கிறது. தட்டு நகரவே இல்லை, உறிஞ்சினால் காற்று வந்துகொண்டே இருக்கிறது என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அது ஒரு ஏர் லீக்கும்கூட.

இனி டைமிங். பல எஞ்சின்களில் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, மேனுவல் சொல்லும் ஐடில் வேகத்தில் லைட்டைப் பிடிக்க வேண்டும். பழைய டிரக்குகளில் மேல் புள்ளிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) முன்னால் 4 முதல் 12 டிகிரிக்குள் இருப்பது வழக்கம். மெதுவாக ரேஸ் கொடுத்தால் குறி சீராக நகர வேண்டும். நகராமல் நின்றால் அட்வான்ஸ் வெயிட்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. திடீரென்று தாவினால் ஸ்பிரிங் போயிருக்கிறது.

கிராங்க் புல்லியில் இருக்கும் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பல எஞ்சின்களில் அந்தக் குறி இருக்கும் பேலன்சர் (அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) இரண்டு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் கெட்டால் வெளி வளையம் நழுவிவிடும், குறி பொய் சொல்லும். 1-ஆம் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேலே வரும்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் நிம்மதி.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாமல் மேலும் கீழும் வெடிக்கிறதா? அது பாதிச் சுற்று தவறி உட்கார்ந்திருக்கும். 1-ஆம் பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளுகிற சுற்றில் பிஸ்டன் மேலே வரும்போது ரோட்டர் 1-ஆம் ஒயரின் முனையைக் காட்ட வேண்டும்.

ஏர் லீக்

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலிங்கில் பாருங்கள். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை முள் அசையாமல் காட்டும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முள் ஆடாமல் கீழே நின்றால் ஏர் லீக் அல்லது தாமதமான டைமிங். டைமிங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் மிச்சம் ஏர் லீக்தான். சீரான இடைவெளியில் முள் சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கசிகிறது. ரேஸ் கொடுத்து அப்படியே பிடித்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது.

லீக் இருக்கும் இடத்தைத் தேட ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல நசுக்குங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுப்பது), ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குப் போகும் குழாய் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, எதை நசுக்கினால் எஞ்சின் சத்தம் மாறி முள் ஏறுகிறதோ அந்தப் பாதையில்தான் காற்று நுழைகிறது. பி.சி.வி. குழாயில் மட்டும் கொஞ்சம் மாற்றம் இருப்பது இயல்பு.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால் கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலேட்டரால் திறக்கும் காற்றுத் தட்டின் தண்டு) இவற்றைப் பாருங்கள். போல்ட்களை மேனுவல் சொன்ன அளவுக்கு முடுக்கிப் பாருங்கள்; கோளாறு அதோடு முடிந்துபோவதும் உண்டு. பலரும் இந்த இடங்களில் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். வெடிக்கிற எஞ்சினில் அது எனக்குச் சம்மதமில்லை, அந்த ஸ்பிரே சுலபமாகத் தீப்பிடிக்கும். அதற்குப் பதில் பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் மெல்லிய சாரலாகத் தண்ணீரை அடியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் வேண்டாம். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் உறிஞ்சும் சத்தம் கேட்கும், ஓட்டமும் மாறும். த்ராட்டில் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டினாலே தேய்மானம் தெரிந்துவிடும்.

கார்புரேட்டர்

இப்போது கார்புரேட்டரைத் தொடலாம். முதல் சோதனைக்கு எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறங்கள். அசைத்த கணமே பெட்ரோல் கோடாகப் பீச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, இரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் வந்தாலோ ஆக்சிலேட்டர் பம்ப் சரியில்லை. த்ராட்டில் சட்டென்று திறக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இந்தப் பம்பின் வேலை. இதன் ரப்பர் காய்ந்தோ உப்பியோ போவது சகஜம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாததால், கிட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள்.

கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டியில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் சூடாகி, ஓடும்போது கார்புரேட்டரில் வெடிக்கிற நேரத்தில் சோக்கைச் சிறிது இழுங்கள். வெடி நின்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதி. ஆட்டோமேட்டிக் சோக் என்றால், குளிர்ந்த எஞ்சினில் ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுப் பாருங்கள்; தட்டு கிட்டத்தட்ட முழுக்க மூட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் லேசாகத் திறந்து, சூடேறச் சூடேற முழுக்கத் திறக்க வேண்டும்.

மேட்டில் இழுக்கும்போது வெடித்தால் கார்புரேட்டருக்கு முன்னாலேயே தேடுங்கள். முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். வெடிக்க ஆரம்பித்ததும் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா? மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பம்ப் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வி-8 எஞ்சின்களின் மெக்கானிக்கல் பம்புக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை வழக்கம். டேங்க்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஹோஸ் வெளியே முழுசாகத் தெரிந்தாலும், உறிஞ்சும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஐடில் மிக்சர் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள். முதலில் மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், திரும்பி வர வழி இருக்கும். அழுத்தி முடுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்து, வேக்குவம் கேஜ் முள் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

சைலன்சரில் மட்டும் வெடித்தால்

காலை எடுத்ததும் வருகிற படபடப்புக்கு எக்ஸாஸ்ட் லீக்கைத் தேடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு சேரும் இடங்களில் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் காற்று அடிப்பது தெரியும். கேஸ்கெட்டைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகைக்கோடு இருந்தாலும் அதே அர்த்தம்.

1970, 80களின் அமெரிக்க டிரக்குகளில் எக்ஸாஸ்ட்டுக்குள் காற்றைத் தள்ளும் பம்ப் ஒன்று இருக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது அந்தக் காற்றை வெளியே திருப்பிவிடுவது டைவர்ட்டர் வால்வு. ரேஸ் கொடுத்துச் சட்டென்று விடும்போது அதன் துளையிலிருந்து ‘புஸ்’ என்று காற்று வரவில்லையென்றால் வால்வோ, அதற்குப் போகும் மெல்லிய வேக்குவம் ஹோஸோ கெட்டிருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போதாவது ஒரு தடவை பயங்கரமாக வெடித்தால் இக்னிஷன் சுவிட்சையும் காயில் கனெக்‌ஷனையும் பாருங்கள். ஒரு கணம் கரண்ட் போய் வந்தால் போதும், அந்த இடைவெளியில் எரியாமல் போன பெட்ரோல் முழுவதும் சைலன்சரில் சேர்ந்து வெடிக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள், எஞ்சின் தடுமாறினால் சுவிட்ச்.

உள்பாகம்

இவ்வளவும் சரியாக இருந்து வெடி தாளம் தவறாமல் வந்துகொண்டிருந்தால் கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், காயில் ஒயர் பிரித்திருக்க வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒன்றில் 150 பி.எஸ்.ஐ. காட்டினால் வேறெதுவும் 112-க்குக் கீழே வரக் கூடாது. குறைவாக இருப்பதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள். டாப்பெட் இடைவெளியைக் கையால் வைக்கும் எஞ்சினாக இருந்தால், இடைவெளி இல்லாமல் போனதால் வால்வு மூடாமல் இருக்கலாம்.

டைமிங் செயின் தொய்வை ரோட்டரே காட்டிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஒரு திசையில் சுற்றி நிறுத்துங்கள். இப்போது எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, ரோட்டர் அசையத் தொடங்கும் வரை கிராங்க் எத்தனை டிகிரி போகிறது என்று பாருங்கள். 8 டிகிரிக்கு மேல் போனால் செயின் தேய்ந்திருக்கிறது. பழைய அமெரிக்க வி-8-கள் பலவற்றில் கேம் கியரின் பற்களுக்கு நைலான் பூசியிருப்பார்கள். வயதானால் அது உதிர்ந்து, செயின் ஒரு பல் தாவிவிடும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஒரே சிலிண்டரிலிருந்து கார்புரேட்டரில் விடாமல் வெடித்தால் கேம் ஷாஃப்ட்டைப் பாருங்கள். அதில் எக்ஸாஸ்ட் வால்வைத் தள்ளும் மேடு (லோப்) தேய்ந்தால் வால்வு போதிய அளவு திறக்காது, எரிந்த வாயு வெளியே போக முடியாமல் உள்ளேயே நிற்கும். இன்டேக் வால்வு திறந்ததும் அது முழுவதும் மேனிஃபோல்டுக்குள் திரும்பிப் பாயும். ராக்கர் மூடியைக் கழற்றி, எஞ்சினைச் சுற்ற வைத்து ராக்கர்களின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக அசைந்தால் கண்ணுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் டயல் கேஜ் வைத்து அளங்கள். அளவு குறைந்தது உறுதியானால் கேமையும் டாப்பெட்களையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பழைய டாப்பெட்டைப் புதுக் கேமில் போட்டால் அதுவும் தேய்ந்துவிடும்.

வெடி நின்ற பிறகு

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, தாளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெடி நின்றதும், அது விட்டுப்போன சேதத்தையும் தேட வேண்டும். பழைய ஹோலி கார்புரேட்டர்களில் பேக்ஃபயரின் அழுத்தம் பவர் வால்வின் (பாரத்தில் கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) டயாஃப்ரமைக் கிழித்துவிடும். அதன் பிறகு பெட்ரோல் ஓயாமல் கசிந்து பிளக் எல்லாம் கறுக்கும். ஐடிலிங்கில் மிக்சர் ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக முழுக்க உள்ளே திருப்பினால் எஞ்சின் நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடினால் பவர் வால்வைக் கழற்றிப் பாருங்கள். வெடித்த வேகத்தில் பி.சி.வி. வால்வோ வேக்குவம் குழாயோ கழன்றிருக்கலாம், ஏர் ஃபில்டரின் காகிதம் கருகியிருக்கலாம். சைலன்சரின் மடிப்புத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். வாய் பிளந்திருந்தால் அந்தப் புகை கேபினுக்குள் வரும், அதை மாற்றிய பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோங்கள்.